எழுபத்தேழு புள்ளி ஆறு

ஹார்லி ஸைஸ்மோருக்கு எலும்பில் புற்றுநோய். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கத்த ஆரம்பித்தார். சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர், வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குகிறவர், அப்படிக் கத்தியதை முதியோர் இல்லத்தில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ரொவீனா காம்ப்ஸ் தட்டுகளைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் அங்கே பன்னிரண்டு வருஷமாக உதவியாளர். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, மலம் துடைப்பது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைப்பது அவள் வேலை. மருந்தைத் தொடக் கூடாது. ஹார்லிக்கு என்ன மருந்து, எத்தனை சொட்டு, மருந்துத் தள்ளுவண்டியில் எந்த இழுப்பறை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சாவி நர்ஸின் இடுப்பில் இருந்தது. அன்று முறையில் இருந்தது ஒரே ஒரு நர்ஸ். அவள் இல்லத்தின் இன்னொரு கோடியில், கீழே விழுந்து மண்டை உடைந்த ஓர் அம்மாளோடு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தாள்.

ரொவீனா நான்குதரம் அங்கே ஓடிப்போய்ச் சொன்னாள். நான்குதரமும் "இதோ வந்துட்டேன்" என்ற பதில்தான். இரண்டரை மணி நேரம். அவள் ஹார்லியின் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு என்ன செய்ய முடியும்? கடைசியில் மருந்து உள்ளே போய் வலி அடங்கியதும் கிழவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"இங்கயேதான இருந்த? நீயே குடுத்திருக்கலாமே, பொண்ணே. ஏன் குடுக்கல?"

ரொவீனா அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மலைப்பாதையில் முப்பத்தெட்டு மைல் வண்டியோட்டிப்போய், மாவட்டத்துச் சமுதாயக் கல்லூரியின் வாசலில் நின்றாள். நர்ஸிங்கில் இரண்டு வருஷப் பட்டம். வயது முப்பத்தெட்டு.

"ரெண்டு வருஷம்தான?" என்று மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"நர்ஸிங் ரெண்டு வருஷம்தாம்மா. அதுல சேர்றதுக்கு முன்னாடி படிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு" என்று சொல்லி அந்தப் பெண் இரண்டு பக்கமும் அச்சடித்த ஒரு தாளை நீட்டினாள்.

கொஞ்சமா அது? உடற்கூறும் உடலியக்கமும் இரண்டு பாகம். நுண்ணுயிரியல், உளவியல், ஆங்கிலக் கட்டுரை, கணக்கு. ரொவீனாவுக்குக் கணக்குத் தேர்வு வைத்துப் பார்த்துவிட்டு, கல்லூரிக் கணக்கில் சேருவதற்கே முதலில் பள்ளிக் கணக்கை மறுபடி படிக்க வேண்டும் என்றார்கள். பின்னங்களிலிருந்து தொடங்கினாள். வேலையை விட முடியாது. கணவன் ஆர்லிஸின் நுரையீரலில் நிலக்கரித் தூசு. சுரங்கத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே பருவத்துக்கு ஒரே ஒரு பாடம் என்று எடுத்தாள். எல்லாவற்றிலும் தேறி, நுழைவுத் தேர்வும் எழுதி, இருபத்துநான்கு இடங்களுக்கான பட்டியலில் இருபத்தொன்றாவது பெயராக அவள் பெயர் வந்தபோது வயது நாற்பத்திரண்டு.

ஆர்லிஸ் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு நாற்காலியில் சாய்ந்தபடி அந்தக் கடிதத்தை இரண்டுதரம் படித்தான்.

"சரி டாக்டரம்மா, இனிமே என்னைத் தொடணும்னா கைய கழுவிட்டு வா."

"நர்ஸுய்யா. டாக்டர் இல்ல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் சிகரெட்ட விடுன்னுதான் சொல்லப்போறீங்க."

சேர்ந்த பிறகும் தாள்கள் நிற்கவில்லை. போலீஸ் சரிபார்ப்பு, போதைப்பொருள் சோதனை, மஞ்சள் காமாலைக்கு மூன்று ஊசி, காசநோய்ச் சோதனை, நின்ற இதயத்தை அழுத்தி இயக்கும் பயிற்சிக்கான சான்று. ஒவ்வொரு பாடத்திலும் எழுபத்தெட்டு மார்க் வாங்கியாக வேண்டும். அரை மார்க், கால் மார்க் குறைந்தால் முழு மார்க்காக ஏற்றிப் போடுவது கிடையாது. மருந்தளவுக் கணக்கில் பருவந்தோறும் தொண்ணூறு வாங்கினால்தான் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குள் காலே வைக்கலாம். பயிற்சிக்கு ஒரு பருவத்தில் இரண்டு நாளுக்கு மேல் வராமல் இருந்தால் தோல்வி. இரண்டு தோல்வி ஆனால் வெளியே போக வேண்டியதுதான். ஐந்து வருஷத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. இவற்றையெல்லாம் படித்துப் புரிந்துகொண்டேன் என்று ரொவீனா கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாம் பருவத்தில், பிப்ரவரி மாதம், ஆர்லிஸுக்கு நிமோனியா வந்தது. அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவளுடைய வகுப்பு பயிற்சிக்குப் போகிற அதே ஆஸ்பத்திரி. நான்காவது மாடியில் தீவிர சிகிச்சை. அவள் வகுப்பு இரண்டாவது மாடியில். மூன்று நாள் அவள் ஆர்லிஸின் கட்டிலை விட்டு நகரவில்லை. குழாய் வழியாகச் சளியை உறிஞ்சி எடுக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், புரட்டிப் படுக்கவைத்தாள், சிறுநீர் அளவைக் குறித்து வைத்தாள். அங்கிருந்த நர்ஸ்களே அவளைக் கூப்பிட்டு உதவி கேட்டார்கள். நான்காம் நாள் ஆர்லிஸ் பிழைத்துக்கொண்டான் என்று தெரிந்ததும் இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போனாள்.

பாடப்பிரிவின் தலைவி மிஸஸ் ப்ரூவர் தாழ்வாரத்திலேயே அவளை நிறுத்தினாள். அறுபதை நெருங்கியவள், வெள்ளைக் காலணியில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது.

"மூணு நாள் ஆயிடுச்சு, ரொவீனா."

"இதே கட்டடத்துலதான் இருந்தேன், மேடம். ரெண்டு மாடி மேல."

"தெரியும். நானே வந்து கண்ணாடி வழியா பாத்தேன்." மிஸஸ் ப்ரூவர் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "விதிய நான் எழுதல. அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பம் போடுங்க. ஒரு வாய்ப்பு இருக்கு."

ஆனால் ஒரு வருஷம் கழித்து விண்ணப்பம் போட்டபோது இன்னொரு விதி காத்திருந்தது. அறிவியல் பாடங்களில் வாங்கிய மார்க்குக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். ரொவீனா உடற்கூறு படித்து ஐந்து வருஷம் தாண்டிவிட்டது. மனித உடம்பில் இருநூற்று ஆறு எலும்பு என்பது அதற்குள் மாறியா போயிற்று என்று ஆர்லிஸ் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பாகத்தையும் மறுபடி படித்தாள், இந்தமுறை மகள் ஷெய்னாவோடு சேர்ந்து.

ஷெய்னா பள்ளியை முடித்திருந்தாள். படிப்பு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் என்ன படிப்பது என்று எந்த எண்ணமும் இல்லை. கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அம்மா சமையலறை மேஜையில் இதயத்தின் படத்தை வரைந்துவிட்டு எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு ரத்தம் போகிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டாள். மூன்றாம் தடவையும் தப்பு.

"இங்க குடும்மா" என்று பென்சிலை வாங்கி ஒரே இழுப்பில் போட்டுக் காட்டினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து நீ சத்தம் போட்டுப் படிச்சியே. காதுல விழுந்துச்சு."

மறுவாரம் ஷெய்னாவும் கல்லூரியில் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். "தனியா அவ்ளோ தூரம் வண்டி ஓட்டுற, தூங்கி விழுந்துட்டா? நானும் வரேன்" என்றாள். காரணம் அவ்வளவுதான். அவள் ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் முடித்தாள். அந்த வருஷப் பட்டியலில் ஷெய்னா காம்ப்ஸ் இரண்டாவது பெயர், ரொவீனா காம்ப்ஸ் பதினெட்டாவது. தாய்க்கு நாற்பத்தைந்து, மகளுக்குப் பத்தொன்பது.

"ஒரே வீட்டுல ரெண்டு நர்ஸு. எமன் இந்தப் பக்கம் வண்டியத் திருப்பவே மாட்டான்" என்றான் ஆர்லிஸ்.

அந்த இரண்டு வருஷமும் ரொவீனாவின் வாழ்க்கையில் நல்ல காலம் என்று சொல்லலாம். இருவரும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்பினார்கள். வார நாட்களில் வகுப்பு, சனி ஞாயிறு ரொவீனாவுக்கு முதியோர் இல்லம். போகும் வழியெல்லாம் ஷெய்னா கேள்வி கேட்க, ரொவீனா சாலையைப் பார்த்தபடியே பதில் சொல்லுவாள். மதியத்துக்கு சோளரொட்டியும் டப்பாவில் பீன்ஸ் சூப்பும். ஆஸ்பத்திரிப் பயிற்சியில் நிலைமை தலைகீழ். முதல் நாள் ஒரு கிழவியின் புண்ணைத் திறந்த வாடையில் ஷெய்னா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொவீனா அவள் காதோரம், "மூக்கால இழுக்காத, வாயால மூச்சு விடு. அவங்க மொகத்தப் பாரு, புண்ணப் பாக்காத" என்றாள். நரம்பு கிடைக்காத கைகளில் அவள் விரலுக்கு நரம்பு கிடைத்தது. பயந்து உதறுகிற நோயாளிகளுக்கு மிஸஸ் ப்ரூவர் ரொவீனாவைத்தான் அனுப்பினாள்.

தேர்வுத்தாள்தான் அவளை ஆட்டிப் படைத்தது. நான்கு பதில் கொடுத்திருப்பார்கள். நான்கும் சரிதான், அதில் மிகச் சரியானது எது, முதலில் செய்ய வேண்டியது எது என்று கேட்பார்கள். ரொவீனா தான் என்ன செய்வாளோ அதைக் குறிப்பாள். அது பெரும்பாலும் தப்பாக இருக்கும்.

"அம்மா, இந்தக் கேள்வியில ரெண்டு நோயாளி மணி அடிக்கிறாங்க. நீ ஏன் மூணாவது ஆளுகிட்ட போற?" என்று ஷெய்னா ஒருநாள் வண்டியில் கேட்டாள்.

"அவன் மணியே அடிக்கலன்னு போட்டிருக்கு. சத்தம் போடாதவனத்தான் முதல்ல பாக்கணும்."

"அது நம்ம இல்லத்துல. இது பரீட்ச. பரீட்சையில எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஆள் நிறைய இருப்பாங்க, எல்லாக் கருவியும் வேல செய்யும். அந்த ஊருல இருக்கறவ மாதிரி யோசிக்கணும்மா."

"அப்படி ஒரு ஊரு எங்க இருக்கு? சொல்லு, நாம அங்கயே குடிபோயிடுவோம்" என்றாள் ரொவீனா. இருவரும் சிரித்தார்கள்.

மருந்தளவுக் கணக்கை ஒவ்வொரு பருவமும் மூன்றாவது முயற்சியில், அதாவது கடைசி முயற்சியில், தாண்டினாள். முதல் மூன்று பருவமும் எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, மறுபடி எழுபத்தெட்டு என்று விளிம்பிலேயே நடந்தாள். ஷெய்னாவுக்குத் தொண்ணூறுக்குக் குறைந்ததே இல்லை.

நான்காவது பருவம்தான் கடைசி. பருவம் முழுக்க ஐந்து தேர்வு, மொத்தம் இருநூற்றைம்பது கேள்வி. நூற்றுத்தொண்ணூற்றைந்து சரியாக இருந்தால் எழுபத்தெட்டு. கடைசித் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், சமையலறை மேஜையில் புத்தகங்களை விரித்துவைத்துக்கொண்டு, ரொவீனா ஒரு அத்தியாயத்தின் மேல் விரலை வைத்தாள். உடம்பில் பொட்டாசியம் ஏறினாலும் இறங்கினாலும் இதயத்துக்கு என்ன ஆகும் என்ற அத்தியாயம்.

"இது எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது, கண்ணு. ஒருதரம் சொல்லேன்."

ஷெய்னா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். அவளும் களைத்துப் போயிருந்தாள். "இது ரெண்டாவது பரீட்சையிலயே வந்தாச்சும்மா. திரும்பக் கேக்க மாட்டாங்க. விட்டுத்தள்ளு, சிறுநீரகத்தப் பாரு."

ரொவீனா அந்த அத்தியாயத்தை மூடினாள்.

மறுநாள் தேர்வில் பொட்டாசியம் மூன்று கேள்வியில் வந்தது.

மார்க்கைக் கணினித் திரையில் போடுவார்கள். தாயும் மகளும் கல்லூரி நூலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஷெய்னாவுக்குத் தொண்ணூற்று நான்கு. ரொவீனாவின் திரையில் எழுபத்தேழு புள்ளி ஆறு என்று இருந்தது. அவள் அதை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதே எண்.

ஷெய்னா மனத்துக்குள் கூட்டிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. நூற்றுத்தொண்ணூற்று நான்கு. ஒரே ஒரு கேள்வி.

"பொட்டாசியம்..." என்றாள். "அம்மா, நான்தான் விட்டுத்தள்ளுன்னு..."

"அந்த மூணும் எனக்குத் தெரிஞ்சுது. மூணும் சரியாத்தான் போட்டேன்" என்றாள் ரொவீனா.

பொய். மூன்றும் தப்பு. ஷெய்னாவுக்கும் அது பொய் என்று தெரிந்தது. திரும்பி வரும்போது வண்டியை ஷெய்னா ஓட்டினாள். அதற்குப் பிறகு இருவரும் பொட்டாசியத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ரொவீனா ஒரே ஒரு முயற்சி செய்தாள். தப்பென்று போட்ட கேள்விகளில் ஒன்றை எதிர்த்து முறையிடலாம் என்று விதி இருந்தது. அவள் தேர்ந்தெடுத்தது சாவைப் பற்றிய கேள்வி. சாகக் கிடக்கும் கிழவர் இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை, மகள் பதறுகிறாள், நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்க மகளுக்குக் காட்டிக்கொடுப்பது என்று ரொவீனா குறித்திருந்தாள். கடைசி நேரத்தில் பசி அடங்குவது இயல்புதான் என்று மகளுக்கு விளக்குவதே சரியான விடை.

மிஸஸ் ப்ரூவரும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ரொவீனா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு உடுத்தும் நீல உடையில் போயிருந்தாள்.

"நான் எத்தன சாவு பாத்திருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல, மேடம்" என்றாள். "அப்பன் செத்துக்கிட்டு இருக்கும்போது விளக்கம் சொன்னா யாரு காதுலயும் ஏறாது. முதல்ல கையில ஒரு வேலயக் குடுக்கணும். பஞ்சக் குடுத்து, உதட்ட நனைச்சு விடும்மான்னு சொன்னா, கை நடுங்குறது நிக்கும். அப்புறம் அவங்களே கேப்பாங்க, இது ஏன் இப்படின்னு. அப்ப சொன்னா ஏறும். நான் விளக்க மாட்டேன்னு சொல்லல. முதல்ல எதுன்னுதான கேட்டிருக்கீங்க?"

இளைய ஆசிரியர் ஒருவர் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து மற்ற இருவர் பக்கமும் தள்ளினார். மிஸஸ் ப்ரூவர் அதைப் படிக்கவில்லை.

"எனக்கு உயிர் போற நேரம் வந்தா, பக்கத்துல நீங்கதான் இருக்கணும்னு ஆசப்படுவேன், ரொவீனா. இத மனசாரச் சொல்றேன்" என்றாள். "ஆனா புத்தகத்துல இருக்கற விடைதான் விடை. உங்களுக்கு ஒண்ணு மாத்தினா, போன வருஷம் எழுபத்தேழு புள்ளி ஆறுல போன பொண்ணுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"அவளும் நல்லாப் பாத்துக்கிட்டாளா, நோயாளிங்கள?"

மிஸஸ் ப்ரூவர் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மாற்றம் இல்லை. இரண்டாவது தோல்வி. ஐந்து வருஷம் கழித்து விண்ணப்பிக்கலாம். அப்போது அறிவியல் பாடங்களின் ஆயுள் முடிந்திருக்கும் என்பதை அந்தக் கடிதத்திலேயே அக்கறையோடு குறிப்பிட்டிருந்தார்கள்.

ஆர்லிஸ் அன்று கேலி பேசவில்லை. குழாயைக் கழற்றிவிட்டுத் தோட்டப் பக்கம் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கவே, ரொவீனாதான் போய்க் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தாள்.

"அவங்க தலையில இடி விழ" என்றான், நாற்காலியில் விழுந்து.

"யாரு தலையில? தலையே இல்லய்யா அங்க. வெறும் தாளுதான்."

பட்டம் பெறுகிறவர்களின் உடையில் கல்லூரிச் சின்னம் பொறித்த பின்னைக் குத்தும் விழாவில், வீட்டு மனிதர் ஒருவர் மேடையேறிக் குத்திவிடுவது வழக்கம். ஷெய்னா நான் போகவே மாட்டேன் என்று இரண்டு நாள் அடம்பிடித்தாள். ரொவீனா அவளுடைய வெள்ளை உடையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினாள். "நீ போகலன்னா நான் அங்க எப்படிப் போறது? என்னையும் பாக்க விடமாட்டியா?" என்றாள். ஷெய்னா எழுந்துபோய் ஆணியிலிருந்து உடையை எடுத்தாள்.

மேடையில் பத்தொன்பது பேர் நின்றார்கள். இருபதாவதாக நின்றிருக்க வேண்டியவள் கீழேயிருந்து ஏறி வந்தாள். கூட்டத்தில் பாதிப்பேருக்கு விஷயம் தெரியும். அவள் நடந்துபோனபோது கைதட்டல் ஒரு நொடி நின்று, பிறகு தேவைக்கு மேல் பலமாக எழுந்தது. அது அவளுக்கு அறைந்தாற்போல் இருந்தது. பின்னின் கொக்கி சின்னது. இரண்டுதரம் வழுக்கி, மூன்றாம் தடவைதான் மாட்டியது.

"குத்திடுச்சா?"

"இல்லம்மா."

குத்தியிருந்தது. காலர் ஓரத்தில் புள்ளியாக ரத்தம் இருந்ததை வீட்டுக்கு வந்து துவைக்கும்போது ரொவீனா பார்த்தாள்.

ஷெய்னா மாநில உரிமத் தேர்வை முதல்தடவையிலேயே தாண்டி, லெக்ஸிங்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குப் போனாள். வாரம் ஒருதரம் போன் செய்வாள். முதலில் எல்லாவற்றையும் சொன்னாள், போகப்போகச் சுருங்கியது. "நல்லாருக்கேன்", "வேல ஜாஸ்தி", "அப்புறம் பேசறேன்". ரொவீனா துருவித் துருவிக் கேட்பாள். எத்தனை நோயாளி, என்ன வியாதி, இன்றைக்கு யாருக்கு ஊசி போட்டாய், நரம்பு கிடைத்ததா? மகளின் வேலையை அவள் போனிலேயே செய்துகொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அழைப்புக்காகத்தான் அந்த வருஷம் முழுக்க உயிரோடு இருந்தாள்.

பதினோராவது மாதம் ஷெய்னா சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தாள். காலை நேரம், ரொவீனா பிஸ்கட் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மகள் இளைத்திருந்தாள். மேஜையருகே உட்கார்ந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், "விட்டுட்டேன்மா" என்றாள்.

"எத?"

"வேலய. ஒரு பல் டாக்டர்கிட்ட ஆபீஸ் வேல கிடைச்சிருக்கு. போன் எடுக்கறது, நேரம் குறிச்சுக் குடுக்கறது."

ரொவீனாவின் கை மாவிலேயே நின்றது.

"என்னால முடியலம்மா. ஒவ்வொரு நாளும் உள்ள போறதுக்கு முன்னாடி வண்டியில உக்காந்து வாந்தி எடுக்கறேன். போன மாசம் ஒருத்தர் என் கையிலயே போனாரு. நான் எதுவும் தப்பா செய்யல. ஆனா அவர் மொகம் போக மாட்டேங்குது. நீ எப்படித்தான் இத்தன வருஷம்..."

"மறந்துபோயிடும். இன்னும் ஆறு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

"வேணாம்மா. முடிவு பண்ணியாச்சு."

அப்போதுதான் ரொவீனாவின் வாயிலிருந்து அது வந்தது. நூலகத்தில் வராதது, மேடையில் வராதது.

"அது என் இடம்" என்றாள். குரல் உயரவில்லை. "நீ பல் டாக்டருக்கு போன் எடுக்கறதுக்கா நான் மேடையேறி உனக்குப் பின்னக் குத்திவிட்டேன்? என் ஒம்போது வருஷத்த நீ எடுத்துக்கிட்டுப் போய்க் குப்பையில போட்டுட்டு வந்திருக்க."

"நான் கேட்டனா? எனக்கு நர்ஸா ஆகணும்னு எப்பவாவது சொன்னனா?" ஷெய்னா எழுந்துவிட்டாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "நீ வண்டியில தூங்கி விழுந்து செத்துடுவியோன்னு பயந்துதாம்மா சேர்ந்தேன். உனக்காகத்தான் சேர்ந்தேன். என்னோட மார்க்கப் பாதி உனக்குக் குடுக்க முடிஞ்சிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன். ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வியக் குடுக்க முடியல எனக்கு."

உள் அறையிலிருந்து ஆர்லிஸ், "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா" என்றான். அதற்கு மேல் பேச அவனுக்கு மூச்சு இல்லை, இருமல் பிடித்துக்கொண்டது. இருவரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். ஷெய்னா அவன் முதுகைத் தாங்கி நிமிர்த்த, ரொவீனா மாவுக்கையோடு குழாயைச் சரிசெய்தாள். இருமல் அடங்கியதும் மகள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டாள்.

மறுபடி வர நான்கு மாதம் ஆயிற்று. வந்தபோது இருவரும் ஒன்றும் நடக்காதது போலவே பேசிக்கொண்டார்கள். பல் டாக்டரைப் பற்றி, சாலையைப் பற்றி, கோழிக்குஞ்சுகளைப் பற்றி. அடுத்த குளிர்காலத்தில் ஆர்லிஸ் செத்துப்போனான். சாகும் நாளில் ரொவீனா ஈரப் பஞ்சை ஷெய்னாவின் கையில் கொடுத்தாள். அவள் உதட்டை நனைத்துவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ரொவீனாவுக்கு இப்போது ஐம்பது வயது. அதே இல்லம், அதே வேலை. முழங்கால் வீங்குகிறது. பாடப் புத்தகங்களை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை, எரிக்கவும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் கொட்டகைக் கூரை ஒழுகி அவை தாமாகவே ஊறிக் கெட்டன. அள்ளி வெளியே போட்டாள்.

போன வாரம் புதிதாக ஒரு நர்ஸ் சேர்ந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும், நல்ல மனசு. ஓபல் என்ற கிழவிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த ரொவீனாவை வாசலில் நின்று பார்த்தாள். ஒரு கையால் தோளையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்து, கிழவிக்கு வலியே தெரியாமல் ரொவீனா புரட்டியதைக் கண்டு அசந்துபோனாள்.

"அம்மாடி! எங்க கத்துக்கிட்டீங்க இத? இவ்ளோ தெரிஞ்சிருக்கே, நீங்க ஏங்க நர்ஸிங் படிக்கல? ரெண்டே வருஷம்தான?"

ரொவீனா போர்வையை இழுத்து ஓபலின் தோள்வரை மூடினாள்.

"எங்க முடியுதும்மா, வீட்டு வேலையே சரியாப் போச்சு. நேரம் கிடைக்கல" என்றாள். அழுக்குத்துணிக் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.